ஃபேன் காஸ்டிங்: சீரியல் நடிகரை 1942ஆம் ஆண்டுக் கொழும்பில் நிறுத்திப் பார்ப்போம்

தினமும் இரவு சீரியலில் பார்க்கும் ஒரு முகம். அதற்கு வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, முறுக்கு மீசை. கீழே, யாரும் எடுக்காத ஒரு படத்தின் பெயர். இப்படி ஒரு போஸ்டர் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் ஒருவர் "எப்ப வருது?" என்று கேட்பார். இன்னொருவர் "இவருக்கு இந்த வேஷம் சரிவராது" என்பார். மூன்றாமவர் அந்த நடிகரின் மார்க்கெட் விழுந்துவிட்டது என்று தொடங்குவார். முதலாமவர் செய்தி கேட்கிறார், இரண்டாமவர் நடிப்பைப் பற்றிச் சொல்கிறார், மூன்றாமவர் வியாபாரம் பேசுகிறார். ஆனால் மூவரும் ஒரே விஷயத்தில் சண்டை பிடிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ரசிகர்கள் செய்யும் இந்த வேலைக்கு ஃபேன் காஸ்டிங் என்று பெயர். எடுக்கப்படாத ஒரு கதையிலோ, இனி எடுக்கப்படப்போகும் ஒரு கதையிலோ எந்த வேடத்துக்கு எந்த நடிகர் பொருந்துவார் என்று ரசிகர் தன் மனதுக்குள் தெரிவு செய்வதுதான் அது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒழுங்காகச் செய்தால், ஒரு கதையைக் கவனமாக வாசிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கஷ்டம். காரணம், "இவர் நடிக்கலாம்" என்று சொல்வதற்கு முன்னால் "இந்தப் பாத்திரம் எப்படிப்பட்டது" என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

தேநீர்க் கடைத் தெரிவுக்குழு

கொழும்பில் கிரிக்கெட் அணியைத் தெரிவு செய்யாத ஆளே கிடையாது. தேநீர்க் கடையில் நின்றுகொண்டு பதினொரு பெயரைச் சொல்லிவிடுவோம். நல்ல துடுப்பாட்டக்காரர் பதினொரு பேரைச் சேர்த்தால் அணி ஆகாது என்பதும் நமக்குத் தெரியும். ஆரம்பத்தில் இறங்க ஒருவர், விக்கெட் காப்புக்கு ஒருவர், சுழல் பந்துக்கு ஒருவர் என்று இடம் பார்த்துத்தான் ஆளைப் போடுகிறோம். ஃபேன் காஸ்டிங்கும் இதே வேலைதான். முதலில் இடம், பிறகு ஆள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிடித்த நடிகரை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்கு ஏற்ற மாதிரிக் கதையை வளைக்கிறார்கள்.

உண்மையான தெரிவுக்குழுவின் இடத்தில் இருப்பவர் காஸ்டிங் டிரெக்டர். இயக்குநருக்காக நடிகர்களைத் தேடி, சோதித்து, பரிந்துரைப்பவர் அவர். இது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை உலகம் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. ஒஸ்கார் விருதில் நடிகர் தெரிவுக்கு என்று தனிப் பிரிவு வரப்போவதாக 2024இல்தான் அறிவித்தார்கள்.

இது புதுப் பழக்கமா?

இல்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950இல் பத்திரிகைத் தொடராக ஆரம்பித்தது. 1958இல் எம்.ஜி.ஆர். அதைப் படமாக்கும் உரிமையை வாங்கினார், ஆனால் எடுக்க முடியவில்லை. படம் திரைக்கு வந்தது 2022இல். இடையில் போன எழுபது வருடமும் வந்தியத்தேவன் யார், நந்தினி யார் என்று வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கதையின் ஒரு பகுதி இலங்கையிலேயே நடப்பதால் இங்கேயும் அந்தப் பேச்சுக்குக் குறைவில்லை.

சின்னத்திரையில் இது இன்னும் கிட்டத்தில் நடக்கும். 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் திகதி, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடம்புக்கு முடியாமல் போய் இறந்தார். அந்தத் துக்கத்தோடு சேர்ந்தே, இனி அந்த வேடத்தை யார் ஏற்பார் என்ற கேள்வியும் வீட்டுக்கு வீடு எழுந்தது. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். அந்த நாட்களில் சனம் பேசியதைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். முக ஒற்றுமையை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அந்த அதட்டல் வருமா, அந்தக் குரல் வருமா என்பதுதான் பேச்சாக இருந்தது. ஃபேன் காஸ்டிங்கின் சரியான கேள்வியை, அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்கள் கேட்டார்கள்.

முகம் எவ்வளவு முக்கியம்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு.

காலக்கதை என்று வரும்போது முகத்தின் மேல் ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. காலக்கதை என்றால் கடந்துபோன ஒரு காலத்தில், அந்தக் காலத்து உடை, வீடு, பேச்சு, ஒழுங்கு இவற்றோடு நடக்கும் கதை. ராஜா ராணிதான் வேண்டும் என்றில்லை, ட்ராம் ஓடிய கொழும்பும் காலக்கதைதான். அந்தக் காலத்துக்குப் புகைப்படமோ ஓவியமோ இருந்தால் நம் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பொன்னியின் செல்வனுக்கு முதலில் படம் வரைந்தவர் மணியம். பலருக்கு அந்தக் கோடுகள்தான் குந்தவை. எந்த நடிகை வந்தாலும் மனது அந்தச் சித்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதற்கு 'த கிரவுன்' தொடர் நல்ல உதாரணம். பிரித்தானிய ராணி எலிசபெத்தாக முதலில் கிளேர் ஃபோய், பிறகு ஒலிவியா கோல்மன், கடைசியில் இமெல்டா ஸ்டோன்டன் என்று இரண்டு பருவத்துக்கு ஒருவராக மாற்றினார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் உரித்து வைத்தவர்கள் அல்ல. ராணிக்கு நீலக் கண், கோல்மனுக்குப் பழுப்புக் கண். கண்ணில் நீல வில்லை போட்டுப் பார்த்தார்கள், கணினியில் நீலமாக்கியும் பார்த்தார்கள். இரண்டிலும் அவருடைய நடிப்பு எங்கேயோ ஒளிந்துகொண்ட மாதிரி இருந்ததால் பழுப்பாகவே விட்டுவிட்டார்கள். ராணியின் கண் நிறத்தைவிட, அந்தக் கண்ணுக்குள் நடப்பது பெரிது என்று முடிவெடுத்தார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஃபேன் காஸ்டிங் என்பது ரசிகரின் தெரிவு. பாத்திரத்தை முதலில் முடிவு செய்து, பிறகு ஆளைத் தேட வேண்டும். முக ஒற்றுமை ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான்.

குரலில் இருந்து தொடங்குங்கள்

ஈழத்துத் தமிழ்க் காலக்கதைக்கு நடிகர் தேடும்போது நாம் அதிகம் தவறவிடுவது குரலை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதில் நாலு பேர் நாலு விதத் தமிழ் பேசினார்கள். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், மரைக்கார் முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ், உபாலி சிங்களவர் வாயில் வரும் தமிழ், ஐயர் பிராமணத் தமிழ். அப்புக்குட்டியாக ராஜகோபால், மரைக்காராக ராமதாஸ், உபாலியாக செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீது. ராமதாஸ் மரைக்கார், அப்துல் ஹமீது ஐயர்! பெயரை வைத்துத் தெரிவு செய்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? காதுதான் தெரிவு செய்தது. வானொலியில் கேட்டவர்கள் தங்கள் பாட்டுக்கு ஆளுக்கொரு முகம் கற்பனை செய்திருப்பார்கள். 1976இல் 'கோமாளிகள்' என்று அது படமானபோது அந்தக் குரல்களுக்கு உரியவர்களே திரையில் வந்தார்கள். வேடத்தின் பெயர் நடிகரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே கடைசிவரை நிலைத்தது.

இப்போது சென்னைச் சீரியலுக்கு வருவோம். அங்கே நடிக்கும் பலர் கன்னடமோ மலையாளமோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். திரையில் அசைவது அவர்களின் வாய், நமக்குக் கேட்பது இன்னொருவரின் குரல். படப்பிடிப்புக்குப் பிறகு ஒலிக்கூடத்தில் வசனத்தைப் பேசிச் சேர்க்கும் இந்த வேலைதான் டப்பிங். ஆகவே "இந்த நடிகைதான் என் கதையின் நாயகி" என்று நீங்கள் சொல்லும்போது, உங்களைக் கவர்ந்தது அவரின் முகமா, முகம் தெரியாத ஒரு டப்பிங் கலைஞரின் குரலா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். சில வேளை நீங்கள் இரண்டு பேரைத் தெரிவு செய்திருக்கிறீர்கள்.

ஒரு காட்சியை வைத்துச் சோதிப்போம்

கற்பனையாக ஒரு தொடர். இடம் கொழும்பு, காலம் 1942. அந்த வருடம் ஏப்ரல் 5ஆம் திகதி காலை, விமானம் தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பி வந்த ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. அங்கொடை மனநல மருத்துவமனையின் மேலும் குண்டு விழுந்தது. நகரத்தை விட்டுச் சனம் கிளம்பியது. அன்று ஈஸ்டர் ஞாயிறு. இன்றைய கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டால் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள்தான் நினைவுக்கு வரும். இந்தக் காட்சியில் நடிப்பவர் அந்தப் பாரத்தையும் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும்.

பாத்திரம் இது: யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, துறைமுகக் கந்தோரில் வேலை செய்யும் ஒரு கிளாக்கர். வருடப்பிறப்புக்கு இன்னும் எட்டொன்பது நாள். பலகாரத்துக்கு இடித்த மா வீட்டில் காய்கிறது. குண்டு விழுந்த அடுத்த நாள் பெண்சாதியையும் பிள்ளைகளையும் ரயிலில் ஊருக்கு அனுப்புகிறார். அவருக்கு லீவு கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

"இஞ்சேருங்கோ, அப்ப நீங்கள்?"

"நீர் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடும். நான் பிறகு வாறன்."

இவ்வளவுதான் காட்சி. இதற்கு யாரைப் போடுவது?

முதல் பெயராக எல்லோரும் சொல்லப்போவது, சீரியல்களில் கம்பீரமான அப்பாவாக வரும் ஒருவரை. பார்வைக்குப் பொருந்துவார். ஆனால் இந்தக் கிளாக்கரிடம் கம்பீரம் இல்லை. மேலதிகாரிக்கு முன்னால் பத்து வருடம் தலை ஆட்டிப் பழகிய மனிதர். இரண்டாவதாக, எந்தச் சீரியலிலும் கண் கலங்கியே நிற்கும் நல்ல அண்ணன் நடிகர். அவர் அழுதுவிடுவார். அழுதால் மனைவிக்கு விளங்கிவிடும், அவள் ரயில் ஏறமாட்டாள், கதையே கவிழும். நான் போடுவது மூன்றாவது ஆளை. சீரியல்களில் நாயகனின் மாமாவாகவோ கூட்டாளியாகவோ வந்து இரண்டு வரியில் சிரிக்க வைத்துவிட்டுப் போகும் நகைச்சுவை நடிகர். ஒரு வரியை எந்த இடத்தில் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "பிறகு வாறன்" என்பதைச் சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற அளவுக்கு இலேசாகச் சொல்ல அவரால் முடியும். அந்த இலேசில்தான் பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும்.

"ஆனால் அவர் கொமெடியன்" என்று உடனே ஒரு மறுப்பு வரும். ஒரு நடிகர் ஒரே மாதிரி வேடங்களில் திரும்பத் திரும்ப வந்து, அதற்கு வெளியே அவரை யாரும் யோசிக்காமல் போவதை டைப்காஸ்ட் ஆவது என்பார்கள். சீரியல் நடிகர்களுக்கு இது மிகவும் கடுமையாக நடக்கிறது. ஒரே வேடத்தில் வருடக்கணக்காக, கிழமைக்கு ஐந்தாறு நாள் வீட்டுக்குள் வருகிறார்கள் அல்லவா? ரசிகரிடம் பணமும் இல்லை, பயமும் இல்லை. அதனாலேயே அந்தக் கூட்டுக்குள் இருந்து ஒரு நடிகரை வெளியே எடுத்துப் பார்க்க ரசிகரால் முடியும். ஃபேன் காஸ்டிங்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இனி அந்த இரண்டு வரியின் பேச்சைப் பாருங்கள். "வெளிக்கிடும்", "வாறன்". இதை வாயில் வராமல் இழுத்துப் பேசினால் காட்சி பகிடியாகிவிடும். இந்தியத் திரையில் நம்முடைய பேச்சு பல தடவை அப்படித்தான் ஆகியிருக்கிறது, அது கேட்கும்போது வலிக்கவே செய்கிறது. கொழும்புக் கதை என்றால் இன்னும் சிக்கல். கிளாக்கர் வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு, செட்டியார் தெரு நகைக்கடையில் வேறு தமிழ், புறக்கோட்டை முஸ்லிம் வியாபாரியிடம் வேறு, மலைநாட்டில் இருந்து வேலைக்கு வந்த பையனிடம் வேறு. எல்லோரையும் ஒரே ஊர்த் தமிழ் பேச வைத்தால் அது கொழும்பு அல்ல. ஆகவே உங்கள் நடிகரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: அவர் நடித்த ஒரு காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். உங்கள் பாத்திரம் அந்தக் குரலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீரியல் அனுபவம் காலக்கதைக்கு உதவுமா என்றும் பலர் கேட்பார்கள். பாதி உதவும். ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்து முடிக்கும் வேகமும், கமெரா முகத்துக்குக் கிட்ட நிற்கும்போது தடுமாறாத பழக்கமும் பெரிய சொத்து. மற்றப் பாதியை அவர் மறக்க வேண்டும். பாத்திரம் நினைப்பதையெல்லாம் சீரியலில் முகம் உடனே சொல்லிவிட வேண்டும். அந்தக் கிளாக்கர் மாதிரி ஒருவரோ எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சட்டைப் பொத்தான் போடுகிற ஆள்.

மீண்டும் சுருக்கமாக: ஒரு காட்சியை எடுங்கள், அந்தக் காட்சி நடிகரிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள், குரலைத் தனியாகச் சோதியுங்கள், அவர் வழக்கமாக வரும் வேடத்தை மறந்துவிட்டு யோசியுங்கள்.

அப்படியானால் நிஜத்தில் ஏன் அவரைப் போடுவதில்லை?

நிஜமான தெரிவில் நமக்குத் தெரியாத கணக்குகள் உண்டு. முதலாவது கால்ஷீட், அதாவது நடிகர் அந்தப் படத்துக்கு ஒதுக்கித் தரும் நாட்கள். தினசரிச் சீரியலில் இருப்பவருக்கு இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் கிடைப்பது இலேசல்ல. அப்புறம் ஓடிஷன், வேடத்தின் ஒரு பகுதியை நடித்துக் காட்டும் சோதனை. தனியாக அருமையாகச் செய்பவர்கள், சோடியாக நிற்கும்போது ஒட்டாமல் போவதுண்டு. அதனால் கணவன் மனைவி மாதிரி வேடங்களுக்கு இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திப் பேச வைத்துப் பார்ப்பார்கள். நாம் மனதுக்குள் செய்யும் தெரிவில் இந்தச் சோதனை நடக்கவே முடியாது.

இவை எல்லாவற்றையும் தாண்டி வெளியில் இருந்தும் ஒரு கை வரும். முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படமான '800'இல் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020இல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் அரசியல் எதிர்ப்புக் கிளம்ப, முரளிதரனே அவரை விலகும்படி கேட்டு அறிக்கை விட்டார், அவரும் விலகினார். 2023இல் மதுர் மிட்டல் நடித்து அந்தப் படம் வந்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. ஆனால் நடிப்புத் திறமைக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் ஒரு வேடம் கை மாறும் என்பதை ஈழத்துத் தமிழருக்கு இதைவிடக் கிட்டத்தில் காட்ட முடியாது.

ரசிகர் விருப்பம் நிறைவேறியதும் உண்டு. 'த ஒஃபிஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரால் புகழ் பெற்ற ஜோன் கிராசின்ஸ்கியை மார்வலின் சூப்பர்ஹீரோ ரீட் ரிச்சர்ட்ஸ் வேடத்தில் பார்க்க ரசிகர்கள் பல வருடம் ஆசைப்பட்டார்கள். 2022இல் ஒரு படத்தில் சில நிமிடங்கள் அந்த வேடத்தில் வந்தார். 2025இல் அந்தப் பாத்திரத்தின் சொந்தப் படம் வந்தபோது அதில் நடித்தவர் பெட்ரோ பஸ்கல். ரசிகரின் தெரிவு ஒரு விருப்பம், சில வேளை தயாரிப்பாளரின் காதுக்கு எட்டும். அது ஆரூடம் அல்ல. நடக்கவில்லை என்பதால் அது பிழையான தெரிவும் ஆகாது.

போஸ்டர் செய்பவர்களுக்கு

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஒரு வரி எழுதினால் இன்று எந்த நடிகருக்கும் 1942 கோட்டு போட்டுவிடலாம். படம் அவ்வளவு நேர்த்தியாக இருப்பதால், முதல் ஆள் ஆசைக்குச் செய்தது மூன்றாவது கைக்குப் போகும்போது செய்தியாகிவிடுகிறது. யாரும் அவரிடம் கேட்கவே இல்லை, ஆனாலும் அவர் ஒப்பந்தமாகிவிட்டார் என்று ஊர் பேசும். மறுப்புச் சொல்ல வேண்டிய பாடு அந்த நடிகருக்கு.

ஆகவே உண்மையான நிறுவனங்களின் சின்னத்தை அதில் ஒட்டாதீர்கள். வெளியீட்டுத் திகதி போடாதீர்கள். நடிகர் சொன்னதாக ஒரு வரிகூட எழுதாதீர்கள். 'ரசிகர் கற்பனை' என்பதைப் படத்துக்குக் கீழே குறிப்பாகப் போட்டால் அடுத்த குழுவுக்கு அனுப்பும்போது அது விடுபட்டுப் போகும். அதனால் படத்தின் மேலேயே, முகத்துக்குப் பக்கத்தில், வெட்டி எடுக்க முடியாத இடத்தில் பெரிதாக எழுதுங்கள். அதோடு அவரை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று நாலு வரியும், அவர் பேச வேண்டிய ஒரு வசனமும் சேர்த்து அனுப்புங்கள். "எப்ப வருது?" என்று கேட்பவர் அந்த வசனத்தை வாசித்துவிட்டு, "இல்லை, இதை இவரைவிட அவர் நல்லாச் சொல்லுவார்" என்று வேறொரு பெயரோடு வருவார்.